இசோமுரா வீட்டு வாள்

தம்பியின் எலும்புக்குக் குடும்பக் கல்லறையில் இடம் கேட்டு அவன் மனைவி கொகுராவிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். மிசாவோ முடியாது என்றாள். அவ்வளவு சுருக்கமாகத்தான் அது நடந்தது.

"அக்கா, நான் கிகுயோ பேசறேன். அவரு போயிட்டாரு. பதினோரு நாளாச்சு."

மிசாவோ தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினாள். அறுபத்தொன்பது வயதில், நாற்பத்திரண்டு வருஷமாகப் பெயரைக்கூட வாயில் எடுக்காத ஒரு தம்பி செத்ததற்கு என்ன சொல்வது?

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. அம்மா பக்கத்துல கொண்டு போய் வெச்சிடுன்னாரு. நாப்பத்தொம்பதாம் நாள் காரியத்துக்கு நான் எலும்பு ஜாடியை அங்க ஹகிக்குக் கொண்டு வரட்டுமா?"

"அப்பா சொன்னது உனக்குத் தெரியாதா? வாள் வீட்டுக்குத் திரும்பி வந்தாத்தான் யசுனோரி அந்தக் கல்லுக்கு அடியில வரலாம்."

"அப்பா போயே இருபத்திமூணு வருஷமாச்சேக்கா."

"அவருதான் போனாரு. அவரு சொல்லு போகல."

"சரிக்கா, தொந்தரவு குடுத்துட்டேன்," என்று கிகுயோ வைத்துவிட்டாள். மிசாவோ தொலைபேசியைத் துணியால் துடைத்தாள். பிறகு வெங்காயம் நறுக்கப் போனாள்.

இசோமுரா வீட்டு வாளைத் தெரியாதவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. போரில் தோற்ற வருஷம், இலையுதிர் காலத்தில், வீடுகளில் இருக்கிற வாள்களையெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும் என்று அமெரிக்கர்களின் உத்தரவு வந்தது. தெருவே வரிசையில் நின்று கொடுத்தது. எதிர்வீட்டு யோஷிதோமி குடும்பம் ஏழு வாள்களைத் தள்ளுவண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போனது. அவையெல்லாம் பிறகு என்ன ஆயின என்று யாருக்கும் தெரியாது. கடலில் கொட்டினார்கள் என்று பேச்சு. மிசாவோவின் அப்பா ரியோசாகு அப்போது சைபீரியாவில் போர்க் கைதி. மூன்று வருஷம் கழித்து எலும்பும் தோலுமாக அவர் வீடு வந்து சேர்ந்தபோது, வீட்டில் தனியாக இருந்த அவருடைய அப்பா ஜின்னோசுகே இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் முன்னறை மாடத்தில், பழைய தாங்கியின் மேல், கறுப்பு அரக்கு உறையோடு வாள் அப்படியே இருந்தது.

அன்றைக்கு நிமிர்ந்த ரியோசாகுவின் தலை சாகும்வரை குனியவில்லை.

"ஊரே குடுத்துச்சு. எங்கப்பா குடுக்கல. அமெரிக்காக்காரன் கண்ணுல மண்ணைத் தூவிட்டு மாடத்துலயே வெச்சிருந்தாரு," என்பார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம். யோஷிதோமி வீட்டுப் பெரியவரைத் தெருவில் கண்டுவிட்டால் போதும். "என்னய்யா, ஏழு பேரும் சௌக்கியமா? இந்நேரம் நல்லா நீச்சல் பழகியிருப்பாங்களே?" என்று கேட்பார். அந்த மனிதர் பாவம், குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு போவார்.

இவ்வளவு பேசுகிற ரியோசாகுவுக்கு வாளைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்பதுதான் வேடிக்கை. நகராட்சியில் வரிக் குமாஸ்தா அவர். வாள் வைத்திருக்கிறவன் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது உருவி, பழைய எண்ணெயைத் துடைத்து, புதிது தடவவேண்டும். இல்லாவிட்டால் துருதான் மிஞ்சும். அவர் ஒருநாளும் உருவியதில்லை. "காரணம் இல்லாம உருவினா ரத்தம் கேக்கும்," என்று வெளியே சொல்லிக்கொள்வார். உள்ளே இருந்தது பயம். ஒளித்துவைத்த வாள், பதிவு செய்யாத வாள். உருவி வைத்த நேரத்தில் யாராவது வந்துவிட்டால்? ஊதா நாடாவால் உறையையும் கைப்பிடியையும் சேர்த்துக் கட்டி, புத்தாண்டுக்குப் புத்தாண்டு அதற்கு முன்னால் அரிசிக் கொழுக்கட்டை வைத்துக் கும்பிட்டார். முப்பது வருஷம் இப்படியே ஓடியது.

ஓய்வு பெறுகிற வருஷம் அவருக்கு ஞானோதயம் வந்தது. வீட்டையும் வாளையும் மகன் யசுனோரிக்குக் கொடுக்கவேண்டும். கொடுப்பதென்றால் முறையாகப் பதிவு செய்து கொடுக்கவேண்டும். பரணில் புதிதாகக் கிடைத்தது என்று சொன்னால் அதிகாரிகள் பெரிதுபடுத்த மாட்டார்களாம். ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டார் எல்லோரையும் உட்காரவைத்து, நாடாவை அவிழ்த்து, முழங்காலிட்டு உருவினார்.

உள்ளே இருந்தது மரம். வாள் வடிவத்தில் சீவிய வெள்ளை மரம்.

யசுனோரிக்கு அப்போது இருபத்துமூன்று வயது. படகுப் பட்டறையில் வேலை. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தான். அது போதாதா? போலீசுக்குப் போகமுடியாது, பதிவில்லாத வாளைக் காணோம் என்று எந்த வாயால் சொல்வது? அதனால் விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் அந்தப் பாயிலேயே நடந்தன.

"எங்கேடா வித்தே?" என்றார் அப்பா.

"நான் எடுக்கலப்பா. வண்டி என் சம்பளத்துல வாங்கினது."

அப்போதுதான் மிசாவோ பேசினாள். இருபத்தேழு வயது, அடுத்த வசந்தத்தில் கல்யாணம், ஷிமோனோசெகியில் ஒரு மீன் பதனிடும் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கப் போகிறவள். "போன மாசம் ஒருநாள், விடியறதுக்கு முன்னாடி, இவன் நீளமா ஒரு மூட்டையைத் துணியில சுத்தித் தோள்ல போட்டுட்டுப் போனதை நான் பாத்தேன்," என்றாள்.

யசுனோரி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். அந்த மௌனம் அப்பாவுக்குப் போதுமான வாக்குமூலமாக இருந்தது. அன்று சாயங்காலமே அவனை வெளியே அனுப்பினார். "அந்த வாளோட வந்தா வா. இல்லேன்னா செத்தும் இந்த வீட்டுக் கல்லுக்கு அடியில வராதே," என்றார். பதினோரு வருஷம் கழித்து அம்மா செத்தபோது மனைவியோடு வந்தவனை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார். அம்மாவின் முகத்தைக்கூடக் காட்டவில்லை.

மகன் இல்லாத வீடாகிவிட்டதால், மிசாவோவின் கணவன் ஷோஹெய்யை வீட்டோடு மாப்பிள்ளையாகத் தத்தெடுத்து, இசோமுரா என்ற பெயரையும் கொடுத்தார்கள். வீடு மிசாவோவுக்கு வந்தது. தானாக வந்தது என்றுதான் அவள் சொல்வாள். மர அலகை மறுபடியும் உறையில் செருகி மாடத்திலேயே வைத்தார்கள், ஊருக்கு விஷயம் தெரியக்கூடாது அல்லவா? அப்பாவும் போய், ஷோஹெய்யும் போய், மிசாவோ தனியாளான பிறகும் புத்தாண்டுக் கொழுக்கட்டை மட்டும் நிற்கவில்லை. ஒரு கட்டைக்கு அத்தனை வருஷம் படையல்.

கிகுயோ பேசி ஒரு மாதம் கழித்து, யசுனோரி செத்த நாற்பத்திரண்டாம் நாள், நகர அருங்காட்சியகத்திலிருந்து ஷிராகி என்பவர் வந்தார். நாற்பது வயதுக்காரர். சிரித்த முகம். ஹகிக் கொல்லர்கள் செய்த வாள் காப்புகளைப் பற்றி அவர்கள் ஒரு புத்தகம் போடுகிறார்கள். கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவில் இருக்கும் அந்த வட்ட இரும்புத் தகட்டைத்தான் காப்பு என்பார்கள். இசோமுரா வீட்டுக் காப்பு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுப் பெயர் புத்தகத்தில் வரும் என்றதும் மிசாவோ சம்மதித்துவிட்டாள்.

"ஒண்ணு சொல்லிடறேன். உள்ள இருக்கிறது அலகு இல்ல, மரம். நிஜம் வேற இடத்துல பத்திரமா இருக்கு," என்றாள்.

"அதானேம்மா முறை," என்றார் ஷிராகி, கைப்பெட்டியைத் திறந்துகொண்டே. "இரும்பை இந்த அரக்கு உறையில வெச்சா மூச்சு முட்டித் துருப்பிடிச்சிடும். அதைத் தனியா வெள்ளை மர உறையில படுக்க வெச்சிட்டு, இந்த அலங்காரமெல்லாம் கலையாம இருக்க அதே அளவுல ஒரு மர அலகைச் செருகி வெப்பாங்க. பெரிய வீடுகள்ல எல்லாம் அப்படித்தான். மரத்தைப் பார்த்து பயந்து எனக்குப் போன் பண்றவங்களும் உண்டு. அவங்களுக்குப் பழக்கம் இல்ல, பாவம்."

மிசாவோவுக்குச் சுருக்கென்றது. அப்பாவுக்குத் தெரியாத விஷயத்தை இந்த மனிதன் தேநீர் குடித்துக்கொண்டே சொல்கிறான்.

ஷிராகி சின்னப் பித்தளைச் சுத்தியால் கைப்பிடியிலிருந்த மூங்கில் ஆணியைத் தட்டினார். இரண்டு தட்டு. ஆணி வெளியே வந்து பாயில் விழுந்தது. இடது கையில் வாளை நிமிர்த்திப் பிடித்து, அந்த மணிக்கட்டில் வலது கை முஷ்டியால் ஒரு குத்து. கைப்பிடி தளர்ந்து கழன்றது. காப்பை உருவி எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். இரும்பில் தாமரை இலைகளும், ஒரு இலை ஓரத்தில் நகக்கண் அளவு நண்டும்.

"அடேயப்பா, இந்த நண்டைப் பாருங்கம்மா. பின்பக்கத்துலயும் அதே கால் தெரியுது பாருங்க. இதைச் செஞ்சவன் யாருன்னு எனக்கு இப்பவே சொல்லத் தோணுது. ஆனா சொல்லமாட்டேன், ரெண்டு இடத்துல ஒத்துப் பார்க்கணும்," என்று தனக்குத்தானே குதூகலித்தவர், மர அலகைக் கீழே வைக்கப் போய் நிறுத்தினார்.

"அம்மா, காம்புல எழுத்து இருக்கே."

கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியைத்தான் சொன்னார். வெள்ளை மரத்தில் மசியால் எழுதிய நெருக்கமான வரிகள். வெளிச்சமே படாததால் நேற்று எழுதியதுபோல் இருந்தன. அவர் வாசித்தார்.

"'ஷோவா இருபதாம் ஆண்டு, பத்தாம் மாதம். உண்மையான அலகைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். மாடம் காலியாக இருக்கக்கூடாது என்று இதைச் செய்து வைத்தேன். ரியோசாகு உயிரோடு திரும்பினால் இதை அவனிடம் சொல்லவேண்டும். இசோமுரா ஜின்னோசுகே.'"

ஷோவா இருபது என்றால் 1945. யசுனோரி பிறப்பதற்கு ஒன்பது வருஷம் முன்பு.

"நல்ல ஆவணம்மா இது," என்றார் ஷிராகி. "தேதி இருக்கு, கையெழுத்து இருக்கு. அந்தக் காலத்துல ஒப்படைச்ச வாளுக்கு இப்படி எழுதி வெச்ச வீடு நான் பாத்ததில்ல. புத்தகத்துல இதையும் போடலாமா?"

"வேண்டாம்."

"ரியோசாகுங்கறது உங்க—"

"வேண்டாம்னு சொன்னேன்ல." அவள் மர அலகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "இதைக் கழட்டறது கஷ்டமா?" என்று கேட்டாள்.

"கஷ்டமா? இப்ப பாத்தீங்களே. சுத்தி இல்லாட்டி ஒரு பென்சிலை வெச்சுக்கூடத் தட்டலாம். ஒரு நிமிஷ வேலை."

ஷிராகி படம் எடுத்துக்கொண்டு போன பிறகு மிசாவோ சமையலறை இழுப்பறையைத் திறக்கவில்லை. திறக்கவேண்டிய தேவையும் இல்லை, உள்ளே இருக்கிற பதினான்கு கடிதங்களும் அவளுக்கு மனப்பாடம். அப்பா உயிரோடு இருந்தவரை யசுனோரி அவருக்கு எழுதினான். அவர் பிரிக்காமலே குளியலறை அடுப்பில் போட்டார். அப்பா செத்தபின் நவம்பருக்கு நவம்பர் அக்காவுக்கு எழுதினான். எல்லாவற்றிலும் ஒரே விண்ணப்பம்தான். 'அக்கா, அலகு எங்கேயாவது ஒரு கடையில், ஒரு வீட்டில் இருக்கும். நான் தேடிக்கொண்டிருக்கிறேன். மூங்கில் ஆணியைத் தட்டி, கைப்பிடியைக் கழற்றி, அந்த மரக் காம்பை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. மரத்தைச் செய்தவன் நிஜத்தைப் பார்த்து அதே அளவில்தான் செய்திருப்பான். அந்தக் கோடு இருந்தால் கண்டுபிடித்துவிடுவேன். யார் எடுத்தார்கள் என்று எனக்கு வேண்டாம். கோடு போதும்.'

ஒவ்வொரு வருஷமும் அவள் படித்தாள். ஏதாவது ஒரு பழைய அலகைக் கொண்டுவந்து இதுதான் அது என்று ஏமாற்றப் பார்க்கிறான் என்று நினைத்தாள். கொண்டுவந்துவிட்டால்? அப்பா சொன்ன சொல்படி அவனுக்கு வாசல் திறக்கும். வாசல் திறந்தால் வீடு யாருடையது என்ற பேச்சும் வரும். இதை அவள் இத்தனை தெளிவாக நினைத்துப் பார்த்ததில்லை. பதில் எழுதாமல் இருந்தாள், அவ்வளவுதான். பதினைந்தாவது வருஷம் கடிதம் வரவில்லை. அப்போது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஆணியைத் தட்டியிருந்தால் ஒரு நிமிஷம்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டும் ஒரே வீட்டில்தான் இருந்தன.

நாற்பத்தொன்பதாம் நாளுக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது. அன்றைக்கே தொலைபேசியை எடுத்திருக்கலாம். எடுத்து என்ன சொல்வது? எந்த முகத்தோடு சொல்வது? நேரில் போய்த் தலை குனிவதுதான் முறை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். நேரில் போவதென்றால் தலைமுடி இப்படி இருக்கக்கூடாது. சலூன் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மர அலகைச் சுற்றிக் கொண்டுபோக நல்ல பட்டுத் துணி வேண்டும். கோடை ஆரஞ்சுத் தோல் மிட்டாய் நல்ல கடையில் வாங்கவேண்டும். பிறகு இரண்டு நாள் மழை. ஜாடி எங்கே ஓடிவிடப் போகிறது, எத்தனையோ பேர் வருஷக் கணக்கில் வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். ஐம்பத்தோராம் நாள்தான் பேருந்து ஏறினாள்.

கிகுயோ குடியிருந்தது நகராட்சிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில். மாடிப்படியில் ஏறியதில் மிசாவோவுக்கு மூச்சு வாங்கியது. கதவைத் திறந்த கிகுயோ குட்டையான, கை தடித்த பெண். பள்ளிச் சமையற்கூடத்தில் முப்பது வருஷம் அண்டா கழுவிய கை. ஆச்சரியம் எதையும் காட்டாமல், "வாங்கக்கா, தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க," என்று சொல்லி, உட்காரத் திண்டு போட்டாள்.

அறை மூலையில் சின்னப் பூஜைப் பெட்டி. அதில் யசுனோரியின் படம். வழுக்கைத் தலை, மூக்குக்கண்ணாடி. தெருவில் எதிரே வந்திருந்தால் மிசாவோவுக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

அவள் திண்டைத் தள்ளிவிட்டுப் பாயில் நெற்றி படக் குனிந்தாள். பட்டுத் துணியைப் பிரித்து, மர அலகை எடுத்து வைத்து, ஷிராகி வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கிகுயோ கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மசி வரிகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். இரண்டு தடவை வாசித்தாள்.

"அவரு திருடலன்னு சொல்லத்தான் வந்தீங்களா?"

"ஆமா."

"கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து எனக்குத் தெரியும்க்கா. தெரியாம இருந்தது உங்க வீட்லதான்."

"தப்பு நடந்து போச்சு. எங்கப்பாவுக்கும் தெரியாது, எனக்கும்... இனிமே நான் சரி பண்றேன். ஜாடியைக் குடு. என் மடியில வெச்சுக் கொண்டு போறேன். அம்மாவுக்குப் பக்கத்துலயே இடம் இருக்கு."

கிகுயோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ஜாடி இல்லக்கா."

"கோயில்லயா வெச்சிருக்கே?"

"முந்தாநேத்து நாப்பத்தொம்பதாம் நாள். நீங்க முடியாதுன்னுட்டீங்க. தனியாக் கல்லறை வாங்க எனக்கு வசதி இல்ல. கோயில் பொதுச் சமாதியில போட்டுட்டேன். அங்க ஜாடியோட வெக்கிறதில்ல. துணிப்பையில கொட்டி, பையோட குழிக்குள்ள விடுவாங்க. பை மக்கிடும். முந்நூறு பேரு எலும்போட எலும்பாக் கலந்திடும்."

"சாமியாருகிட்டச் சொல்லி எடுக்க முடியாதா? ரெண்டு நாள்தானே ஆச்சு."

"கையெழுத்து வாங்கும்போதே கேட்டாங்க, அப்புறம் திருப்பிக் கேக்க மாட்டீங்களேன்னு. யாரு கேக்கப் போறான்னு சொன்னேன்."

மிசாவோ அந்தப் படத்தைப் பார்த்தாள். ஒரு தலைமுடி, ஒரு பட்டுத் துணி, ஒரு மிட்டாய்ப் பெட்டி, இரண்டு நாள் மழை. எண்ணிப் பார்க்க முடிந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை. தொலைபேசியை எடுத்திருந்தால் போதுமே என்று வாய்விட்டுச் சொன்னாள்.

கிகுயோ எழுந்து அலமாரியைத் திறந்தாள். போர்வைகள் இருக்கவேண்டிய இடத்தில் நோட்டுப் புத்தகங்கள். முப்பத்தொன்று. முதலாவதை எடுத்து மிசாவோவின் முன்னால் வைத்தாள்.

"உருக்காலையில ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் லீவு. அந்த ஒருநாளும் இதுக்குத்தான். ஃபுகுவோகா, ஹிரோஷிமா, போனஸ் வந்தா ஒசாகா வரைக்கும். எங்க வாள் சந்தை நடந்தாலும் போயிடுவாரு. வாங்க மாட்டாரு, பாக்க மட்டும் செய்வாரு. மொதல்ல எல்லாக் கடைக்காரனும் வெரட்டுவான். கடைசியில அவங்களே, 'இசோமுரா, இது எந்த ஊருக் கொல்லன் வேலைன்னு கொஞ்சம் பாரு'ன்னு கூப்பிட்டுக் கேப்பாங்க."

மிசாவோ புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு அலகின் காம்பு. மெல்லிய தாளை அதன்மேல் வைத்துக் கரிக்கட்டியால் தேய்த்து எடுத்த படி. அரம் போட்ட கீறல்கள், ஆணித் துளை, துளைக்கு மேலே கொல்லன் வெட்டிய பெயர், எல்லாம் கறுப்பில் வெள்ளையாகத் தெரிந்தன. ஓரத்தில் குட்டி எழுத்தில் கடை, தேதி, நீளம், வளைவு, எந்தப் பரம்பரை என்ற ஊகம், ஏன் அப்படி நினைக்கிறான் என்ற காரணம். அடுத்த வருஷமே அதை அடித்து, 'தவறு, துருவின் நிறம் வேறு' என்று தன்னையே திருத்தியிருந்தான். பக்கத்தின் அடியில் எப்போதும் ஒரே கேள்வி: 'எங்கள் உறைக்குப் பொருந்துமா?' அதற்குப் பதில்: 'தெரியாது.' அடுத்த பக்கம்: 'தெரியாது.' அதற்கடுத்ததும் அப்படியே. முப்பத்தோரு நோட்டுகளில் எத்தனை தெரியாது என்று யார் எண்ணுவது? கடலுக்கடியில் கிடக்கிற ஒன்றைக் கரையில் நாற்பது வருஷம் தேடியிருக்கிறான். அங்கே தேடாதே என்று சொல்ல ஒரு கட்டை இருந்தது. கட்டைக்குப் பக்கத்தில் ஒரு அக்காவும் இருந்தாள்.

"இதுல ஒண்ணு நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றாள் மிசாவோ.

"குடுக்க மாட்டேன்க்கா. எங்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்." நோட்டை வாங்கி மறுபடியும் அடுக்கில் செருகினாள்.

வெளியே ஆலைச் சங்கு ஊதியது. இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? தலைக்கு மேல் போன வெள்ளம் சாண் என்ன, முழம் என்ன.

"கிகுயோ, இன்னொண்ணு இருக்கு. அன்னிக்கு நான் அப்பாகிட்ட ஒண்ணு சொன்னேன். இவன் ஒரு நீள மூட்டையைத் தூக்கிட்டுப் போனான்னு. நான் பாத்தது நெசம். ஆனா அது—"

"தூண்டில்."

மிசாவோ நிமிர்ந்தாள்.

"துணியில சுத்துன தூண்டில். படகுத்துறைக்குப் போயிருக்காரு. வெய்யில் ஏறறதுக்குள்ள ரெண்டு பெரிய சங்கரா கொண்டாந்து குடுத்தாராம். நீங்கதான் கிணத்தடியில உக்காந்து செதில் சீவுனீங்களாம். தலை எனக்குன்னு சொல்லி எடுத்து வெச்சுக்கிட்டீங்களாம்." கிகுயோவின் குரலில் கோபம் இல்லை. தினமும் சொல்லிப் பழகிய விஷயம்போல் சொன்னாள். "மீன் தின்னும்போதெல்லாம் சொல்லுவாரு. அக்காவுக்குத் தலைன்னா உசுருன்னு."

மிசாவோவுக்கு நினைவிருந்தது. எப்போதும் நினைவிருந்தது. செதில் கையில் ஒட்டியதுகூட நினைவிருந்தது. அந்தப் பாயில் உட்கார்ந்து அப்பாவிடம் மூட்டை என்று சொன்ன நிமிஷத்தில், ஷிமோனோசெகி ஆலை நாற்றமும், தம்பிக்குப் போகப்போகிற இந்த வீடும் தன் கண்முன் நின்றதும் நினைவிருந்தது.

"அப்படீன்னா அவன் ஏன் சொல்லல?" என்று கேட்டாள். கேட்டது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அது தூண்டில், மீனை இவதான் கழுவினான்னு. அம்மாகூட சாட்சி சொல்லியிருப்பாளே."

"நானும் அதைத்தான் கேட்டேன். கல்யாணமான புதுசுல தினம் கேப்பேன்." கிகுயோ மர அலகை எடுத்துப் பட்டுத் துணியில் பொறுமையாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, பிரிக்காத மிட்டாய்ப் பெட்டியோடு சேர்த்து மிசாவோவின் பக்கம் நகர்த்தினாள். "சொல்லியிருந்தா மாமா உங்களைப் பொய்க்காரின்னு வெளிய தள்ளியிருப்பாராம். கல்யாணமும் நின்னு போயிருக்குமாம். 'நான் ஆம்பளை, எங்கயாவது பொழைச்சுக்குவேன். அக்கா எங்க போவா'ன்னு சொல்லுவாரு."